கணிப்பு மலிவாகிவிட்டது, கவனிப்பைக் கைவிடாதீர்கள்

உலக வானிலை அமைப்பின் உறுப்பு நாடுகளில், வானிலைத் துறைக்கு நிதி ஒதுக்கும் பொறுப்பில் இருப்போருக்கு,

வணக்கம்.

வானிலை நிலையத்தில் பல ஆண்டுகள் அப்சர்வராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வானத்தை அண்ணாந்து பார்த்து எட்டில் எத்தனை பங்கு மேகம் என்று குறித்திருக்கிறேன். ஈரக்குமிழ் வெப்பமானியின் துணித் திரியில் அழுக்கேறாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நள்ளிரவில் பலூன் விட்டிருக்கிறேன். உங்களில் பலர் என்னைவிட நிறையப் படித்தவர்கள், பெரிய கணக்குகளைக் கையாள்பவர்கள். ஆனாலும் ஒரு விஷயம் உங்கள் மேசைக்கு வரும் கோப்புகளில் சரியாகத் தெரிவதில்லை என்று எனக்குப் படுகிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அடுத்த பத்து நாள் வானிலையை ஒரே நிமிடத்தில் கணித்துத் தரும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் வந்துவிட்டன. அதைப் பார்த்ததும் யாருக்கும் எழக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. இனி எதற்கு இத்தனை நிலையம், இத்தனை பலூன், இத்தனை ஆள்? செலவைக் குறைக்க வேண்டிய நெருக்கடியில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் சீக்கிரமே எழும். தயவுசெய்து அந்தக் கேள்விக்கு அவசரப்பட்டு விடை எழுதிவிடாதீர்கள்.

முதலில் நியாயமாகப் பேசிவிடுகிறேன். வந்திருப்பது வெறும் பரபரப்பு இல்லை, நிஜமான முன்னேற்றம். 2022-ல் என்விடியாவின் ஃபோர்காஸ்ட்நெட் வந்தது. 2023-ல் ஹுவாவேயின் பாங்கு-வெதர், கூகுள் டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட் இரண்டும் வந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் அட்லாண்டிக்கில் உருவான லீ புயல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கரையைத் தொடும் என்பதை கிராஃப்காஸ்ட் சுமார் ஒன்பது நாள் முன்பே காட்டியது. அப்புறம் 2024 டிசம்பரில் ஜென்காஸ்ட். ஒரே விடையைச் சொல்லாமல், 15 நாள் வரை நடக்கக்கூடிய பல சாத்தியங்களைச் சேர்த்துத் தருவது அது. ஐரோப்பிய நடுத்தரகால வானிலைக் கணிப்பு மையம் 2025 பிப்ரவரியில் தன் சொந்த செயற்கை நுண்ணறிவு மாதிரியை அன்றாடப் பயன்பாட்டுக்கே கொண்டுவந்துவிட்டது. ராட்சதக் கணினிகள் நெடுநேரம் ஓடிச் செய்த வேலையை ஒற்றைச் சில்லு செய்வதைப் பார்க்கும்போது என்னைப் போன்ற பழைய ஆளுக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது.

சரி, இந்த மாதிரிகள் எதைப் படித்து வளர்ந்தன?

ஈஆர்ஏ5 என்றொரு தரவுத் தொகுப்பு இருக்கிறது. அதே ஐரோப்பிய மையம் உருவாக்கியது. 1940 முதல் இன்றுவரை, உலகம் முழுக்க, சுமார் 31 கிலோமீட்டருக்கு ஒரு கட்டமாக, மணிக்கு மணி காற்று மண்டலம் எப்படி இருந்தது என்பதன் பதிவு அது. நான் பெயர் சொன்ன மாதிரிகள் பாடம் படித்தது அதில்தான், முக்கியமாக 1979-க்குப் பிந்தைய சுமார் 40 ஆண்டுப் பகுதியில். அந்தப் பதிவு வானத்திலிருந்து விழவில்லை. கப்பல்களின் குறிப்பேடு, தரை நிலையங்களின் அளவு, பலூன்கள் அனுப்பிய சமிக்ஞை, விமானங்களும் செயற்கைக்கோள்களும் தந்த தகவல் ஆகிய எல்லாவற்றையும் இயற்பியல் மாதிரி ஒன்றின் வழியாகப் பொருத்திக் கோத்தது. அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் யாரோ ஒருவர், ஏதோ ஒரு நேரத்தில், ஒரு கருவியை ஒழுங்காகப் பார்த்திருக்கிறார்.

அது பழைய கதை, பாடம் படித்து முடித்தாயிற்று, இனி தேவையில்லை என்று நினைப்பீர்களோ? அங்கேதான் பெரிய தவறு நேரும். இந்த மாதிரிகளும் ஒவ்வொரு முறை கணிக்கும்போதும் 'இப்போது வானம் எப்படி இருக்கிறது' என்ற தொடக்க நிலையைக் கேட்கின்றன. கிராஃப்காஸ்டுக்கு இப்போதைய நிலையும் ஆறு மணி நேரத்துக்கு முந்தைய நிலையும் வேண்டும். அந்த இரண்டையும் தருவது, புத்தம்புது அளவீடுகளைக் கொண்டு வானிலை மையங்கள் தயாரிக்கும் பகுப்பாய்வுதான். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். அகப்பையைத் தங்கத்தில் செய்துவிட்டோம் என்பதற்காகச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட முடியாது.

தொடக்க நிலை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்தத் துறையின் முதல் பெரிய தோல்வியே சாட்சி. நாளைய வானிலையைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம் என்ற யோசனையை 1904-லேயே நார்வேயைச் சேர்ந்த வில்ஹெல்ம் பியர்க்னஸ் முன்வைத்தார். இப்போதைய நிலை போதிய துல்லியத்தோடு தெரிய வேண்டும், அது எப்படி மாறும் என்ற விதிகள் தெரிய வேண்டும். இரண்டும் இருந்தால் போதும் என்றார். லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் அதைக் கையாலேயே போட்டுப் பார்த்தார். முதல் உலகப் போரின்போது பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். போர்முனையின் இடைவெளிகளில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். கையெழுத்துப் பிரதி ஒருமுறை காணாமல் போய், சில மாதம் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது.

அவர் தேர்ந்தெடுத்த நாள் 1910 மே 20. ஐரோப்பாவின் பல இடங்களில் ஒரே சமயத்தில் பலூன் விட்டு மேல் காற்றை அளந்த நாட்களில் அது ஒன்று. அதாவது, அந்தக் காலத்தில் கிடைக்கக்கூடிய மிக நல்ல தரவு. வந்த விடை என்ன தெரியுமா? ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும். எந்த மாபெரும் புயலிலும் நடக்காத விஷயம். நிஜத்தில் அன்று அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. 1922-ல் நூலாக வெளியிட்டபோது அந்தத் தவறான விடையை மறைக்காமல் அப்படியே அச்சிட்டார் ரிச்சர்ட்சன். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். பல பத்தாண்டுகள் கழித்து அயர்லாந்தின் பீட்டர் லிஞ்ச் அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். சமன்பாடுகளில் பழுதில்லை. தொடக்கத் தரவில் காற்றும் அழுத்தமும் ஒன்றுக்கொன்று இசைவாக இல்லை, அவ்வளவுதான். அந்த இரைச்சலை வடிகட்டியதும் நம்பத்தக்க விடை வந்துவிட்டது.

அமெரிக்க வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸின் அனுபவம் இன்னும் கூர்மையானது. 1961-ல் கணினியில் ஒரு கணக்கைத் திரும்ப ஓட்டும்போது 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். கொஞ்ச தூரம் இரண்டும் ஒட்டியே போயின. அப்புறம் முற்றிலும் வேறு வேறு வானிலை. தொடக்கத்தில் விட்ட சின்னப் பிழை நாள் போகப்போகப் பெருத்துவிடும் என்று அன்று தெரிந்தது. இதனால்தான் 1992 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய, அமெரிக்க மையங்கள் ஒரே கணிப்பைத் தராமல், தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றிப் பல கணிப்புகளை ஓட்டுகின்றன. கணிப்பில் எந்தப் புதுமை வந்தாலும் இந்த விதியைத் தாண்ட முடியவில்லை. தொடக்கத்தில் மங்கலாகப் பார்த்தால் முடிவு அதைவிட மங்கலாகத்தான் வரும்.

கடந்த சில பத்தாண்டுகளில் கணிப்பின் திறன், பத்தாண்டுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் கூடியிருக்கிறது. இன்றைய ஆறாம் நாள் கணிப்பு, பத்தாண்டுக்கு முந்தைய ஐந்தாம் நாள் கணிப்பளவு நம்பகமானது. இதில் கணினியின் பங்கு பெரியது, மறுக்கவில்லை. ஆனால் தென் அரைக்கோளத்தைப் பாருங்கள். அங்கே பெரும்பகுதி கடல், நிலையங்கள் குறைவு. அதனால் பல காலம் வட அரைக்கோளத்தைவிடக் கணிப்பு மோசமாகவே இருந்தது. செயற்கைக்கோள் அளவீடுகளை மாதிரிக்குள் நேரடியாகச் சேர்க்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் அந்த இடைவெளி ஏறக்குறைய மூடியது. இரண்டு பாதிக்கும் கணினி ஒன்றே, சமன்பாடு ஒன்றே. ஒரு பாதியை அதுவரை யாரும் சரியாகப் பார்க்கவில்லை, பார்க்கத் தொடங்கியதும் கணிப்பு தேறிவிட்டது.

இப்போது பலூனைப் பற்றி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் நிதி வெட்டு வரும்போது முதலில் கண்ணில் படுவது இதுதான்.

ஒருமுறை விட்டால் பெரும்பாலும் திரும்பிக் கிடைக்காத பொருள் அது. 'தினமும் இரண்டு முறை பணத்தை வானத்தில் விடுகிறீர்களே' என்று ஒரு தணிக்கை அதிகாரி என்னிடமே கேட்டிருக்கிறார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. அன்று மாலை அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ரப்பர் பலூன், ஆளுயரம் ஊதியிருக்கும். உள்ளே ஹைட்ரஜன், அதனால் ஒரு பொறிகூடப் பறக்கக் கூடாது. கழுத்தை இறுக்கிக் கட்டி, கீழே சின்னப் பாராசூட், அதற்கும் கீழே நீண்ட நூலில் ரேடியோசோண்ட். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய உணரி. விடுவதற்கு முன் அந்த உணரி காட்டும் அளவைத் தரை அளவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். விரல் படக் கூடாது. பட்டால் ஈரப்பத அளவு கெட்டுவிடும்.

கையை விட்டதும் நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் ஏறும். வெப்பம், ஈரப்பதம், காற்றின் திசை, வேகம் எல்லாம் நொடிக்கு நொடி கீழே வந்துகொண்டே இருக்கும். மேலே போகப்போக வெளி அழுத்தம் குறைய, பலூன் பெருத்துக்கொண்டே போகும். முப்பது கிலோமீட்டரைத் தாண்டும்போது ஓர் அறையளவு ஆகி வெடித்துவிடும். விமானங்கள் பறப்பதைப்போல மூன்று மடங்கு உயரம் அது. அந்த அதிகாரி திரையில் கோடு வளைந்து வளைந்து ஏறுவதை ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். ஓரிடத்தில் வெப்பக் கோடு திடீரென்று பின்வாங்கி ஏறியது. 'இது என்ன?' என்றார். 'கீழே இருக்கும் ஈரக் காற்றின்மேல் ஒரு மூடி போட்டதுபோல வெப்பமான காற்று இருக்கிறது. இந்த மூடி உடைந்தால் இடி மழை, உடையாவிட்டால் ஒன்றுமில்லை' என்றேன். இந்த மெல்லிய மூடியைச் செயற்கைக்கோள் மேலிருந்து பார்க்கும்போது பெரும்பாலும் மழுங்கலாகத்தான் தெரியும். பலூனுக்கு அது கத்தி வெட்டினாற்போலத் தெரியும்.

உலகம் முழுக்கச் சுமார் 900 இடங்களில் இப்படி விடுகிறார்கள். அனைத்துலக நேரம் 00 மணிக்கும் 12 மணிக்கும், ஏறக்குறைய ஒரே சமயத்தில். ஒருவருக்கு அது விடியற்காலை, இன்னொருவருக்கு நடுநிசி. 1929-ல் பிரான்சின் ராபர்ட் பூரோவும், 1930 ஜனவரியில் சோவியத் நாட்டின் பாவெல் மோல்சனோவும் ரேடியோ கட்டிய பலூன்களை ஏற்றியதிலிருந்து வரும் பழக்கம். யாரும் யாரையும் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரே நேரத்தில் அத்தனை பேரும் கையை விடுகிறோம். வேலையில் இருந்த காலம் முழுக்க எனக்கு அது ஒரு பெருமை.

2025-ல் அமெரிக்காவில், ஆள் பற்றாக்குறையால் சில நிலையங்களில் பலூன் விடுவதை நிறுத்தினார்கள், சில இடங்களில் குறைத்தார்கள். வளம் மிகுந்த நாட்டிலேயே இப்படி என்றால் மற்ற இடங்களில் என்ன ஆகும் என்ற பயம் அன்றுதான் எனக்கு வந்தது. ஒரு நிலையம் நின்றால் அந்த ஊருக்கு மட்டும் நஷ்டமில்லை. மேற்கே அளக்காமல் விட்ட காற்று, இரண்டு நாள் கழித்துக் கிழக்கே இருப்பவரின் கணிப்பில் பிழையாக வந்து நிற்கும்.

செயற்கைக்கோள் போதாதா என்று கேட்பீர்கள். இன்று மாதிரிகளுக்குள் போகும் அளவீடுகளில் எண்ணிக்கையில் மிகப் பெரும்பங்கு செயற்கைக்கோளிலிருந்துதான். 1960 ஏப்ரல் 1 அன்று ஏவிய டைரோஸ்-1 மேகப் படம் அனுப்பியதில் தொடங்கி, இன்று வளிமண்டலம் வெளியிடும் நுண்ணலையை அளந்து வெப்பத்தையும் நீராவியையும் சொல்லும் கருவிகள் வரை வந்திருக்கிறோம். ஜிபிஎஸ் சமிக்ஞை காற்று மண்டலத்தின் விளிம்பில் நுழைந்து வளைந்து வரும் கோணத்தை வைத்தே மேல் காற்றின் வெப்பத்தைக் கணக்கிடுகிறார்கள். 2006-ல் தைவானும் அமெரிக்காவும் சேர்ந்து ஏவிய 'காஸ்மிக்' என்ற செயற்கைக்கோள்கள் இதற்கு நல்ல உதாரணம். யாரோ வழிகாட்டுவதற்காக அனுப்பிய சமிக்ஞையை வானிலைக்காரர்கள் வெப்பமானி ஆக்கிக்கொண்ட அந்த யோசனையை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும்.

ஆனால் செயற்கைக்கோளுக்கும் எல்லை உண்டு. காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்பதை உயரம் உயரமாக நேரடியாக அளப்பது கடினம். அதைச் செய்ய ஐரோப்பிய விண்வெளி முகமை 2018 ஆகஸ்டில் ஏயோலஸ் என்ற செயற்கைக்கோளை ஏவியது. புறஊதா லேசர் கதிரைக் கீழ்நோக்கி அனுப்பி, காற்றில் பட்டுத் திரும்பும் ஒளியின் மாற்றத்திலிருந்து காற்றின் வேகத்தைச் சொல்லியது அது. மூன்றாண்டு என்று திட்டமிட்டது, ஏறக்குறைய ஐந்தாண்டு உழைத்தது. கணிப்புக்குக் கணிசமாக உதவியது. 2023 ஏப்ரல் இறுதியில் அதன் பணி முடிந்தது, ஜூலையில் காற்று மண்டலத்தில் நுழைந்து எரிந்துபோனது. அதற்கு அடுத்தது 2030-களில்தான். நடுவில் இத்தனை ஆண்டு இடைவெளி எதற்கு? நன்றாகப் பார்க்கும் ஒரு கண்ணைக் கண்டுபிடித்து, அது நன்றாகப் பார்க்கிறது என்று நிரூபித்த பிறகும், அடுத்ததைத் தயாராக வைத்துக்கொள்ளாமல் விட்டோம். சோதனைக்காக ஏவும் கோள் வெற்றி பெற்றால், அதன் வாரிசுக்கான பணம் அப்போதே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். இதை ஒரு நடைமுறையாகவே ஆக்குங்கள் என்பது என் கோரிக்கை.

அப்புறம் அலைக்கற்றை. இது பெரும்பாலும் வானிலைத் துறை இல்லாத இன்னொரு அறையில் முடிவாகிற விஷயம், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நீராவி 23.8 கிகாஹெர்ட்ஸுக்கு அருகில் மிக மெல்லிய அலையை இயல்பாகவே வெளியிடுகிறது. அந்த முணுமுணுப்பைக் கேட்டுத்தான் செயற்கைக்கோள் காற்றில் எவ்வளவு நீராவி என்று சொல்கிறது. பக்கத்திலேயே 24 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் 5ஜி சேவைக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். 2019-ல் எகிப்தில் நடந்த உலக வானொலி மாநாட்டில் அந்தச் சேவையின் கசிவுக்கு ஒரு வரம்பு வைத்தார்கள். அந்த வரம்பு போதாது என்று உலக வானிலை அமைப்பும் ஐரோப்பிய மையமும் அப்போதே கவலை தெரிவித்தன. தொலைபேசியை வேறு அலைவரிசைக்கு மாற்றலாம். நீராவியை மாற்ற முடியாது, அது இயற்கை கொடுத்த எண். 2027-ல் அடுத்த மாநாடு வருகிறது. உங்கள் நாட்டுக் குழுவில் வானிலைத் துறை ஆள் ஒருவராவது உட்கார்ந்திருக்கிறாரா என்று இன்றே கேட்டுப் பாருங்கள்.

தரவைப் பகிர்வது பற்றி நம் துறைக்கு இரண்டு நினைவுகள் இருக்கின்றன, ஒன்று கசப்பு, ஒன்று இனிப்பு. 1900 செப்டம்பரில் அமெரிக்காவின் கால்வெஸ்டன் நகரைப் புயல் அடித்தது. புயல்களை நன்கு அறிந்த கியூபாவின் வானிலையாளர்கள் அது மெக்சிகோ வளைகுடாவுக்குள் போகிறது என்று கணித்திருந்தார்கள். அமெரிக்க வானிலைத் துறையோ கியூபாவிலிருந்து புயல் பற்றிய தந்திகள் போகாமல் தடுத்துவைத்திருந்தது. புயல் வடகிழக்கே திரும்பிவிடும் என்றும் நம்பியது. சுமார் 8,000 பேர் இறந்தார்கள்.

இன்னொன்று 1944 ஜூன் 3. அயர்லாந்தின் மேற்குக் கரையில் பிளாக்ஸாட் என்ற சிறிய இடம். அஞ்சலகத்தில் வேலை பார்த்த மோரீன் ஃப்ளாவின் என்ற பெண்ணுக்கு அன்று 21-வது பிறந்தநாள். மணிக்கு மணி பாரோமீட்டரைப் பார்த்துச் சொல்வதும் அவர் வேலை. இரவுப் பணியில் அழுத்தம் வேகமாக இறங்குவதைக் கண்டு குறித்தார். கொஞ்ச நேரத்தில் தொலைபேசி. சரியாகப் பார்த்தீர்களா, மறுபடி பாருங்கள் என்று ஒரு குரல். மறுபடி பார்த்தார். அதே எண்தான். அயர்லாந்து இரண்டாம் உலகப் போரில் நடுநிலை நாடு, ஆனாலும் வானிலைத் தரவைப் பிரிட்டனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஜெர்மனிக்கு எதிரான நேச நாடுகளின் நார்மண்டிப் படையெடுப்பு ஜூன் 5-லிருந்து 6-க்குத் தள்ளிப்போனதில் அந்த எண்ணுக்குப் பங்கு உண்டு. தன் அளவு எங்கே போய்ச் சேர்ந்தது என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது. தன் எண் யாருடைய கணிப்பில் சேர்கிறது என்று எந்த அப்சர்வருக்கும் யாரும் சொல்வதில்லை. சொல்லாவிட்டாலும் அது சரியாக இருக்க வேண்டும்.

பனிப்போர் உச்சத்தில் இருந்த 1963-லேயே உலக வானிலைக் கண்காணிப்புத் திட்டம் உருவாகி, வாஷிங்டன், மாஸ்கோ, மெல்போர்ன் மூன்றும் உலக மையங்களாகி, தரவு எல்லை தாண்டியது. 1995-ல் உலக வானிலை அமைப்பு நிறைவேற்றிய தீர்மானமும், 2021-ல் வந்த ஒருங்கிணைந்த தரவுக் கொள்கையும் அடிப்படைத் தரவு இலவசமாக, தடையின்றிப் பகிரப்பட வேண்டும் என்கின்றன. இப்போது தனியார் நிறுவனங்களும் கோள் ஏவி, பலூன் விட்டு, தரவை விற்கின்றன. அது தவறில்லை. நிறைய அளவீடு வந்தால் நல்லதுதான். ஆனால் வாங்கும்போது உரிமத்தைப் படித்துப் பாருங்கள். உங்கள் நாட்டுக்கு மட்டும், பகிரக் கூடாது என்ற நிபந்தனையோடு வாங்கினால், பழைய தந்தித் தடையையே புது வடிவத்தில் கொண்டுவருகிறீர்கள். விலை கூடினாலும் எல்லோரும் பயன்படுத்தும் உரிமத்தைக் கேளுங்கள்.

ஏழை நாடுகளில் அளவீடு மிகக் குறைவு என்பது உங்களுக்கே தெரியும். அதைச் சரிசெய்ய 2021-ல் உலக அடிப்படைக் கண்காணிப்பு வலைப்பின்னல் என்று குறைந்தபட்ச அளவை வகுத்தீர்கள், கூடவே ஒரு நிதியமும் வந்தது. கருவி நிறுவும் நாளில் கைதட்டிவிட்டுப் போகாமல், அது தொடர்ந்து தரவு அனுப்புவதற்குப் பணம் தருவது அந்த நிதியத்தின் சிறப்பு. அதை வற்றவிடாதீர்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஓய்வு பெறும் முன் நான் கண்ணால் கண்ட ஒன்று.

ஆள் இருந்த ஒரு சிறு நிலையத்தை மூடிவிட்டுத் தானியங்கி நிலையம் வைத்தார்கள். திறப்பு விழாவில் நானும் இருந்தேன். பளபளவென்று இருந்தது. பராமரிப்புக்கு ஆள் போடவில்லை, அதற்கான தலைப்பிலேயே பணமில்லை. இரண்டாம் ஆண்டில் ஒருநாள் அந்தப் பகுதியில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. பதிவில் மழை பூஜ்யம். மறுநாள் போய் மழைமானியின் புனலைத் திறந்தேன். குளவி கூடு கட்டியிருந்தது, மேலே சருகும் பறவை எச்சமும் காய்ந்து இறுகிக் கிடந்தன. உள்ளே தண்ணீர் இறங்கவே வழியில்லை. பின்னோக்கிப் பதிவைப் புரட்டினால் நான்கு மாதமாகப் பூஜ்யம். காலியாக விட்டிருந்தால் தரவு இல்லை என்று யாரும் புரிந்துகொள்வார்கள். பூஜ்யம் அப்படியில்லை, மழையே பெய்யவில்லை என்று அடித்துச் சொல்கிறது. அந்தப் பூஜ்யம் எத்தனை ஆய்வுக்குள், எத்தனை வரைபடத்துக்குள் போயிருக்கும்! முன்பு அங்கே இருந்த அப்சர்வர் தினமும் காலையில் அந்தப் புனலைத் துடைத்துவிட்டுத்தான் அளவே எடுப்பார்.

தானியங்கிக் கருவிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடலில் மிதந்துகொண்டே அழுத்தம் சொல்லும் மிதவைகள் ஒவ்வொன்றும் கணிப்புக்குத் தரும் பலன் அபாரமானது. அங்கே போய் யார் உட்கார்ந்து அளப்பது? நான் கேட்பது, கருவி வாங்கும் அதே தாளில் அதைத் துடைக்கிற ஆளின் சம்பளத்தையும் எழுதுங்கள் என்பதே. பழைய கருவியை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும்போது இரண்டையும் சில காலம் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடுங்கள். இல்லாவிட்டால், அளவு மாறியது வானம் மாறியதாலா, கருவி மாறியதாலா என்று ஐம்பதாண்டு கழித்து ஒருவர் மண்டையை உடைத்துக்கொள்வார். இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு 1979-ன் அளவீடு பாடப்புத்தகமானது போல, நாளை வருவதற்கு நம் காலத்து அளவீடுதான் பாடப்புத்தகம்.

கடைசியாக ஒன்று. இந்த ஆண்டோ அடுத்த ஆண்டோ ஒரு நிலையத்தை மூடவோ, இரண்டு பலூனை ஒன்றாக்கவோ சொல்லி உங்கள் மேசைக்கு ஒரு கோப்பு வரலாம். கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் கேளுங்கள். அந்த அளவீடு இல்லாமல் கடந்த ஓராண்டின் கணிப்புகளைத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்களா? இத்தகைய சோதனைகள் வானிலை மையங்கள் வழக்கமாகச் செய்பவைதான். அந்தத் தரவைப் பயன்படுத்தும் அண்டை நாடுகளிடம் ஒரு வார்த்தை சொன்னார்களா? அதன் இடத்தில் எது வருகிறது, அதை யார், எந்தச் சம்பளத்தில் கவனித்துக்கொள்வார்? மூன்றுக்கும் பதில் இருந்தால் தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள். இல்லையென்றால் கோப்பைத் திருப்பி அனுப்புங்கள். அது திரும்பி வரும்வரை அங்கே இருப்பவர் 00 மணிக்கும் 12 மணிக்கும் பலூன் விட்டுக்கொண்டிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வானிலை அப்சர்வர் ஒருவர்